தீம் வாங்குவதற்கு முன்: வேர்ட்பிரஸ் கேள்வி–பதில்

வெப்சைட் கட்டி நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் பற்றி "என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள்" என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எந்தத் தீம் நல்லது, அக்கா?" என்ற ஒரே கேள்விதான். தீம் என்றால் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகளின் தொகுப்பு. அந்தக் கேள்விக்கு இந்த இதழில் பதில் கிடையாது. மதுரையில் நான் நடத்தும் வகுப்பிலும் இதே கதைதான். உட்கார்ந்ததும் கலர் மாற்றக் கேட்பார்கள். கலரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதியது எங்கே போய்ச் சேர்கிறது, படம் எங்கே கிடக்கிறது, தளத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது முதலில் தெரியட்டும். கீழே இருக்கும் கடிதங்களைப் படித்தால் நான் ஏன் இப்படி அடம்பிடிக்கிறேன் என்று புரியும்.

அம்மா, எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் அமைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு வயது 63. "எச்டிஎம்எல் படியுங்கள் தாத்தா" என்கிறான் பேரன். "வேர்ட்பிரஸ் போதும்" என்கிறார் நண்பர். எதில் தொடங்குவது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி

ஐயா, நண்பர் சொல்வதைக் கேளுங்கள். பேரனையும் விட்டுவிடாதீர்கள், பின்னால் தேவைப்படுவார்.

பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் மட்டும் தளம் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் ஒரு தனிக் கோப்பு. செயலாளரின் போன் நம்பர் எல்லாப் பக்கத்தின் அடியிலும் இருக்கிறது என்று வையுங்கள். அவர் நம்பரை மாற்றினால் எல்லாக் கோப்புகளையும் திறந்து திருத்தி மறுபடி சர்வரில் (தளம் இருக்கும் கணினி) ஏற்ற வேண்டும். வேர்ட்பிரஸ் மாதிரியான சிஎம்எஸ்ஸில், அதாவது தளத்தின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருளில், நீங்கள் டைப் செய்வதெல்லாம் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் (தகவல் கிடங்கு) போய்ச் சேரும். யாராவது தளத்தைத் திறக்கும்போது பிஎச்பி நிரல் அந்த எழுத்தை எடுத்து, தீம் காட்டுகிற இடத்தில் பொருத்தி, அந்த நொடியில் பக்கத்தைத் தயார் செய்து கொடுக்கும். அடிப்பகுதியில் இருக்கும் நம்பரை ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும்.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் சங்கக் கூட்டத்தில் பேச உதவும். பி2 என்று ஒரு பழைய மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் தொடர்ந்து கவனிக்காமல் விட்டபோது, அமெரிக்காவில் மாட் முல்லன்வெக், இங்கிலாந்தில் மைக் லிட்டில் என்ற இரண்டு பேர் அதன் நிரலை எடுத்து வளர்த்தார்கள். 2003 மே 27-இல் வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வந்தது. அப்போது முல்லன்வெக்குக்கு வயது 19. யாரும் நிரலை எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் பி2 இருந்ததால் யாரையும் கேட்காமல் இதைச் செய்ய முடிந்தது. அதே உரிமத்தால்தான் இன்றைக்கு உங்களுக்கும் எனக்கும் அது இலவசமாகக் கிடைக்கிறது. உலகத்தில் இருக்கும் வெப்சைட்களில் பத்துக்கு நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளமே 2017 கடைசியில் ட்ரூபல் என்ற இன்னொரு சிஎம்எஸ்ஸை விட்டு இதற்கு மாறியது. "சின்ன சைட்டுக்குத்தான் வேர்ட்பிரஸ்" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் வேறு, வேர்ட்பிரஸ் டாட் காம் வேறு. டாட் ஆர்க்கில் மென்பொருள் கிடைக்கும். அதை நீங்கள் காசு கொடுத்து எடுத்த ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) நிறுவ வேண்டும். தளம் முழுக்க உங்களுடையது, பராமரிப்பும் உங்கள் தலையில். டாட் காம் என்பது 2005-இல் முல்லன்வெக் தொடங்கிய ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் சேவை. கணக்குத் தொடங்கினால் போதும், பராமரிப்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இலவசத் திட்டத்தில் சொந்த டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வைத்துக்கொள்ள முடியாது. யூட்யூபில் ஒன்றைப் பற்றிய வீடியோவைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றில் பட்டனைத் தேடினால் கிடைக்காது. வீடியோ எதைப் பற்றியது என்று முதல் நிமிடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் இங்கே எழுதுவதெல்லாம் முதல் வகை பற்றியது.

கற்றுக்கொள்ள உடனே பணம் கட்ட வேண்டாம். வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று ஒன்று இருக்கிறது. பிரவுசரில் திறந்தால் அந்த டேபுக்குள்ளேயே ஒரு முழு வேர்ட்பிரஸ் ஓடும். சேமிக்காமல் மூடினால் எல்லாம் போய்விடும், பழகுவதற்கு அதுவே வசதி. அதில் முதலில் செட்டிங்ஸ் போய்த் தளத்தின் பெயரை மாற்றுங்கள். அங்கேயே நேர மண்டலம் என்று ஒன்று இருக்கும், அதைக் கொல்கத்தா என்று வையுங்கள். பெரும்பாலும் அது உலகப் பொது நேரத்தில் இருக்கும். "காலை 6 மணிக்கு வெளியிடு" என்று நீங்கள் குறித்து வைத்த அறிவிப்பு 11.30-க்கு வந்து நிற்பது இதனால்தான். அப்புறம் "ஹலோ வேர்ல்ட்" என்று முன்கூட்டியே கிடக்கும் பதிவை அழித்துவிட்டு, சங்கம் பற்றி ஒரு பேஜ் (நிலையாக நிற்கும் பக்கம்), நிர்வாகிகள் பற்றி ஒரு பேஜ், போன ஆண்டுக் கூட்டம் பற்றி ஒரு போஸ்ட் (தேதி வரிசையில் வரும் பதிவு) எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் அப்பியரன்ஸ் பகுதிக்குப் போய்த் தீமை மாற்றிப் பாருங்கள். மறுபடி வேறொன்று. தளத்தின் முகமே மாறும், நீங்கள் எழுதிய வரி ஒன்றும் போகாது. எழுத்து டேட்டாபேஸில் இருக்கிறது, தீம் தனியாக ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. இதைக் கையால் செய்து பார்த்தவர்களுக்குத் தீம் பற்றிய பயம் போய்விடுகிறது, ஆசையும் கொஞ்சம் குறைகிறது. ஒன்று மட்டும் கவனம். சில தீம்கள் பக்கங்களை வடிவமைக்கத் தங்களுக்கென்று பேஜ் பில்டர் என்ற ஒரு கருவியைக் கூடவே கொண்டுவரும். அதில் பக்கங்களைக் கட்டிவிட்டு ஒரு நாள் அதை நிறுத்தினால், எழுத்துக்கு நடுவே சதுர அடைப்புக்குள் ஏதேதோ குறிகள் சிதறிக் கிடக்கும். உங்கள் சங்கத்துக்கு அதெல்லாம் தேவையே இல்லை. 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வேர்ட்பிரஸுக்குள்ளேயே வந்த பிளாக் எடிட்டர் (பத்தி, படம் என்று கட்டம் கட்டமாகச் சேர்த்து எழுதும் இடம்) தாராளமாகப் போதும்.

அக்கா, சுங்குடிச் சேலைகளின் படங்களைப் பேஜாகப் போட்டு வந்தேன். இப்போது மெனு முழுக்கச் சேலைப் பெயராக இருக்கிறது. தங்கச்சி எல்லாவற்றையும் போஸ்ட்டாக மாற்று என்கிறாள். மாற்றினால் கடை முகவரி கீழே போய்விடாதா?
– சேலை வியாபாரம் செய்பவர், சின்னாளபட்டி

தங்கச்சி சொல்வது முக்கால்வாசி சரி. பேஜ் என்பது கடை வாசலில் மாட்டிய போர்டு. போஸ்ட் என்பது இன்றைக்கு வந்த சரக்கைக் கரும்பலகையில் எழுதி வைப்பது. கடை முகவரி, உங்களைப் பற்றி, அனுப்பும் முறை ஆகிய மூன்றும் பேஜாகவே இருக்கட்டும். போஸ்ட்டுக்குத்தான் தேதி வரிசை உண்டு. புதியது மேலே வந்து பழையதைக் கீழே தள்ளும். பேஜ் அந்த வரிசையிலேயே இல்லை, அதனால் முகவரி எங்கேயும் போகாது.

புதுச் சேலை வந்தால் போஸ்ட் எழுதி, அதை ஒரு கேட்டகரிக்குள் போடுங்கள். சுங்குடி, பட்டு, குழந்தைகள் உடை என்று நான்கைந்து கேட்டகரிக்கு மேல் வேண்டாம். மெனுவில் சேலைப் பெயரை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்குப் பதில் கேட்டகரியைச் சேருங்கள். "சுங்குடி" என்று தட்டினால் அந்தக் கேட்டகரியில் இருக்கும் எல்லாம் தானாக வரிசையாக வரும். டேக் என்பது அதைவிடப் பொடிப் பொடியான அடையாளம். நிறம், கரை மாதிரி விஷயங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அதைத் தொடாமலே விட்டாலும் குற்றமில்லை. கேட்டகரி எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் "அன்கேட்டகரைஸ்டு" என்று ஒன்றில் போய் விழும். அந்தச் சொல் உங்கள் கடையில் தொங்கினால் பார்க்க நன்றாக இருக்காது, பெயரை மாற்றிவிடுங்கள்.

முகப்பில் எது வர வேண்டும் என்பது செட்டிங்ஸில் ரீடிங் என்ற பகுதியில் இருக்கிறது. புதிய போஸ்ட்கள் வேண்டுமா, நீங்கள் எழுதிய ஒரு பேஜ் வேண்டுமா என்று கேட்கும். உங்களுக்கு பேஜ்தான்.

தளத்திலேயே கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் என்ற கூடுதல் நிரலைப் போட வேண்டுமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் போட்டால் போஸ்ட், பேஜ் இரண்டோடு "பிராடக்ட்" என்று மூன்றாவது வகை ஒன்று வரும். கூடவே வரி, ஷிப்பிங், பேமென்ட் என்று செட்டிங்ஸ் நீளும். ஆர்டர் வாட்ஸ்அப்பிலும் பணம் ஜிபேயிலும் சிரமமில்லாமல் வந்துகொண்டிருக்கும் வரைக்கும் அதைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் பதில் சொல்லியே மாளவில்லை என்ற நிலை வரும்போது போட்டுக்கொள்ளலாம்.

வணக்கம். எங்கள் வாசிகசாலைக்காகக் கோயில் வரலாறுகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறோம். வேர்ட்பிரஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வருகிறது. சில கட்டுரைகளை யூனிகோடில் புதிதாகத் தட்டி ஏற்றினோம். அவற்றின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாக நீண்டு போகிறது. ஒரு கட்டுரையின் இணைப்பில் கோயில் என்ற சொல்லின் புள்ளியே காணாமல் போயிருக்கிறது. நாங்கள் என்ன பிழை விட்டோம்?
– வாசிகசாலைப் பொறுப்பாளர், யாழ்ப்பாணம்

ஐயா, நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை. இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கடிதம் இதுதான். தமிழில் தளம் நடத்துகிறவர் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஆங்கில வீடியோக்களில் யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் பாமினி. அந்தக் கோப்பைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவது தமிழ், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. நீங்கள் வேர்ட்பிரஸில் ஒட்டும்போது எழுத்துரு கூட வராது, உள்ளே இருப்பது மட்டும் டேட்டாபேஸுக்குப் போகும். இங்கே தமிழ்நாட்டிலும் வானவில் எழுத்துருவில் தட்டிய கோப்புகளுக்கு இதே கதிதான். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடை 2010-இல் அரசு ஏற்று ஆணையிட்ட பிறகும் டிடிபி கடைகளில் பழைய எழுத்துருக்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. "சைட்டில் பாமினி எழுத்துருவை ஏற்றிவிட்டால் தமிழாகத் தெரியுமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். தெரியும். ஆனால் கூகுளுக்கு அது தமிழே இல்லை. "நல்லூர்" என்று தேடுகிறவருக்கு உங்கள் கட்டுரை ஒரு நாளும் கிடைக்காது. அந்த வேலை வேண்டாம்.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். கட்டுரையின் நடுவே ஆங்கிலப் பெயரோ புத்தகத் தலைப்போ இருந்தால், கருவி அதையும் பாமினி என்று நினைத்து ஏதோ ஒரு தமிழாக மாற்றித் தொலைக்கும். அந்த இடங்களை முதலிலேயே குறித்து வைத்து, மாற்றிய பின் கையால் சேருங்கள். அப்புறம் "ஔ" வருகிற இடங்கள். ஔவையார் என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகப் பழைய கோப்புகளில் தட்டியிருப்பார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடினால் அகப்படாது. மூலக் கோப்புகளை எந்தக் காரணத்துக்கும் அழிக்காதீர்கள்.

இனி அந்தச் சதவீதக் குறிகள். இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்து நேரடியாகப் போக முடியாது. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். பிரவுசர் அதை மறுபடி தமிழாக்கிக் காட்டுவதால் நமக்குத் தெரிவதில்லை. காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டும்போது வெளியே வந்துவிடுகிறது.

புள்ளி எங்கே போனது? வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து முகவரியின் கடைசிப் பகுதியைத் தானே செய்யும். அதற்கு ஸ்லக் என்று பெயர். டேட்டாபேஸில் அதற்கு ஒதுக்கிய இடம் 200. 9 ஆல் வகுத்தால் தமிழுக்கு 22 குறியீடுகள்தான் கிடைக்கும். இங்கே குறியீடு என்பது நம் கணக்கில் வரும் எழுத்து அல்ல. "ர்" என்பதில் ர ஒன்று, புள்ளி ஒன்று என்று இரண்டு. "மி" என்பதும் இரண்டு. உங்கள் தலைப்பை எண்ணிப் பார்த்தேன். "நல்லூர் கந்தசுவாமி கோயில் திருவிழா வரலாறு." நல்லூர் 7, கந்தசுவாமி 10, ஆக 17. இதற்கே 153 இடம். சொற்களுக்கு நடுவே வரும் இரண்டு கோடுகளையும் சேர்த்தால் 155. மிச்சம் 45, அதில் 5 குறியீடுகள் போகும். கோயில் என்ற சொல்லுக்கு வேண்டியது 6. ஆறாவதாக நின்ற புள்ளி வெளியே நின்றுவிட்டது. திருவிழாவும் வரலாறும் வாசலுக்கே வரவில்லை.

தீர்வு சுலபம். எடிட்டரின் வலப்பக்கத்தில் ஸ்லக் என்று இருக்கும் இடத்தில் நீங்களே சுருக்கமாக எழுதுங்கள். "நல்லூர்-வரலாறு" என்று தமிழிலேயே வைத்தால் 118 இடம்தான் ஆகும், வெட்டுப்படாது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் சதவீதக் குறிகள் வரத்தான் செய்யும். அதே இரண்டு சொல்லை ஆங்கில எழுத்தில் வைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை. தமிழ்த் தளத்துக்குத் தமிழில்தான் முகவரி வேண்டும் என்று வாசிகசாலையில் சிலர் சொல்லலாம், அவர்கள் உணர்வு எனக்குப் புரிகிறது. என்னைக் கேட்டால், முகவரி போய்ச் சேர்ந்தால் போதும், தமிழ் உள்ளே இருக்கட்டும். ஏற்கெனவே வெளியிட்ட போஸ்ட்டின் ஸ்லக்கை மாற்றினாலும் பழைய இணைப்பில் வருகிறவரை வேர்ட்பிரஸ் புதிய இடத்துக்கு அனுப்பிவிடும். பேஜுக்கு அந்த வசதி கிடையாது, அதை மாற்றினால் பழைய இணைப்பு உடைந்துவிடும்.

டாஷ்போர்டையே தமிழில் வைத்துக்கொள்ளலாமா மேடம்?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

வைத்துக்கொள்ளலாம். தமிழ் என்றும் இலங்கைத் தமிழ் என்றும் இரண்டு உண்டு. 4.7 பதிப்பிலிருந்து தளத்துக்கு ஒரு மொழி, உங்கள் டாஷ்போர்டுக்கு (நீங்கள் உள்ளே போய்த் தளத்தை நிர்வகிக்கும் பக்கம்) ஒரு மொழி என்று பிரித்து வைக்கவும் முடியும். கற்றுக்கொள்கிற காலத்தில் தளத்தைத் தமிழிலும் டாஷ்போர்டை ஆங்கிலத்திலும் வைப்பது நல்லது. எங்காவது மாட்டிக்கொண்டு உதவி தேடும்போது எல்லோரும் ஆங்கிலப் பெயரைத்தான் சொல்வார்கள்.

எங்கள் வீட்டை ஹோம்ஸ்டேயாக விடுகிறோம். தளத்தில் முற்றம், தூண், அறை என்று நிறையப் படங்கள். திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. ஹோஸ்டிங்கை மாற்றச் சொல்கிறார்கள். செலவு செய்யலாமா?
– வீட்டு உரிமையாளர், காரைக்குடி

பொறுங்கள். மீடியா லைப்ரரியில் ஒரு படத்தைத் தட்டி அதன் அளவைப் பாருங்கள். போன் கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தால் ஒவ்வொன்றும் 4, 5 எம்பி இருக்கும்.

படம் டேட்டாபேஸுக்குப் போவதில்லை. அப்லோட்ஸ் என்ற ஃபோல்டரில் ஆண்டு, மாதம் வாரியாகப் போய் உட்காரும். ஏற்றியதும் வேர்ட்பிரஸ் அதற்குப் பல அளவில் நகல் எடுக்கும். 150 பிக்சலில் ஒரு சதுரம், 300, 1024 என்று போகும். 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலுக்கு மேல் இருக்கும் படங்களைத் தானே சுருக்கியும் வைக்கும், மூலப் படமும் பக்கத்திலேயே கிடக்கும். இவ்வளவு செய்தும் மெதுவாக இருக்கிறதென்றால், பக்கத்தில் படத்தைச் சேர்க்கும்போது "ஃபுல் சைஸ்" என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அதை "லார்ஜ்" என்று மாற்றுங்கள். இனி ஏற்றும் படங்களை முதலிலேயே 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கோப்பின் எடை குறைவாக இருக்கும் வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் ஏற்றுங்கள். 2021-இல் வந்த 5.8 முதல் வேர்ட்பிரஸ் அதை ஏற்றுக்கொள்கிறது. முற்றத்தின் வீடியோவை சர்வரில் ஏற்றவே வேண்டாம். யூட்யூபில் போட்டு, அதன் முகவரியைத் தனி வரியில் ஒட்டினால் தானே வீடியோவாக மாறிக்கொள்ளும்.

இத்தனையும் செய்த பிறகும் மெதுவாக இருந்தால் ஹோஸ்டிங்கைப் பற்றிப் பேசலாம்.

தளம் செய்து கொடுத்த பையன் இப்போது போன் எடுப்பதில்லை. எங்களிடம் ஒரு லாகின் இருக்கிறது, அதில் பதிவு எழுத முடிகிறது. செட்டிங்ஸ் என்ற மெனுவே இல்லை. எங்கள் சைட் எங்களுடையதுதானா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

இதற்கு நேரடியாகப் பதில் சொன்னால் வருத்தப்படுவீர்கள். இப்போதைக்குப் பாதி உங்களுடையது.

வேர்ட்பிரஸில் ஐந்து வகைப் பயனர்கள் உண்டு. எல்லாம் செய்யக்கூடியவர் அட்மினிஸ்ட்ரேட்டர். எல்லார் பதிவையும் பேஜையும் திருத்தலாம், ஆனால் செட்டிங்ஸ் பக்கம் போக முடியாது என்றால் எடிட்டர். தன் பதிவை மட்டும் வெளியிடுகிறவர் ஆத்தர். எழுதலாம், வெளியிடவோ படம் ஏற்றவோ முடியாது என்றால் கான்ட்ரிபியூட்டர். கடைசியாக, வெறுமனே கணக்கு வைத்திருக்கும் சப்ஸ்கிரைபர். உங்களுக்கு அவர் கொடுத்திருப்பது எடிட்டர் அல்லது ஆத்தர். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. தெரியாமல் எதையாவது அழுத்திவிடுவீர்கள் என்று பயந்து பலரும் இப்படித்தான் கொடுக்கிறார்கள். போன் எடுக்காமல் போவதுதான் தப்பு.

தளத்துக்கு மூன்று சாவி. டொமைன் பதிவு செய்த கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, வேர்ட்பிரஸ் அட்மின் லாகின். பலரும் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். வரிசை தலைகீழ். ஹோஸ்டிங் கணக்கு கையில் இருந்தால் அட்மினை மீட்டுவிடலாம். டேட்டாபேஸில் யூசர்ஸ் டேபிளைத் திறந்து, அட்மின் பெயருக்கு எதிரே இருக்கும் ஈமெயிலை உங்களுடையதாக மாற்றிவிட்டு, லாகின் பக்கத்தில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று கொடுங்கள். ஹோஸ்டிங்கே போனாலும் டொமைன் இருந்தால் அதே பெயரில் வேறிடத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். டொமைன் போனால் விசிட்டிங் கார்டில் அச்சடித்த பெயரே போச்சு. அச்சகக்காரரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே முதலில் டொமைன். பழைய ரசீது, புதுப்பிக்கும் நினைவூட்டல் மெயில் எதுவாவது உங்கள் ஈமெயிலுக்கு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வந்திருந்தால் பதிவு நிறுவனத்தோடு நீங்களே பேச வழியுண்டு. வரவில்லை என்றால், போன் எடுக்காதவருக்கு நிதானமான ஒரு மெயில் அனுப்புங்கள். டொமைனை மாற்றிக்கொள்ளும் குறியீடு, ஹோஸ்டிங் லாகின், அட்மின் லாகின் வேண்டும், பாக்கி ஏதாவது இருந்தால் தருகிறோம் என்று எழுதுங்கள். பெரும்பாலும் பாக்கிதான் காரணமாக இருக்கும். டொமைன் காலாவதி தேதியையும் உடனே பாருங்கள், அவர் புதுப்பிக்காமல் விட்டால் மீட்கக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.

தளம் தொடங்கி மூன்று மாதம். கூகுளில் பெயரைப் போட்டாலும் வரவில்லை.
– இயற்கை உரக் கடைக்காரர், திருவாரூர்

செட்டிங்ஸ், ரீடிங். கீழே தேடுபொறிகளைத் தள்ளி நிற்கச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கும். கட்டும்போது டிக் செய்துவிட்டு எடுக்க மறந்திருப்பார்கள். எடுத்துவிட்டு ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

ஒரு பிளகினை அப்டேட் செய்தேன். தளம் வெள்ளையாக நிற்கிறது, லாகின் பக்கமும் வரவில்லை. எல்லாம் போய்விட்டதா?
– பிசியோதெரபி கிளினிக் நடத்துபவர், புதுச்சேரி

ஒன்றும் போகவில்லை. எழுத்து டேட்டாபேஸில், படம் அப்லோட்ஸில், இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. பிளகின் என்பது வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல். அவற்றை எடுத்துக் காட்ட வேண்டிய நிரல்தான் அதனால் நடுவே தடுக்கி விழுந்திருக்கிறது.

முதலில் மெயிலைப் பாருங்கள், ஸ்பாம் ஃபோல்டரையும் சேர்த்து. 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து இப்படி நேர்ந்தால் எந்தப் பிளகின் காரணம் என்று சொல்லி, ரெக்கவரி மோடுக்கு ஒரு இணைப்பை அட்மின் ஈமெயிலுக்கு அனுப்பும். அதன் வழியாக உள்ளே போய் அந்தப் பிளகினை நிறுத்திவிடலாம். மெயில் வரவில்லை என்றால் ஹோஸ்டிங் கணக்கில் ஃபைல் மேனேஜரைத் திறங்கள். டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் பிளகின்ஸ் இருக்கும், அதற்குள் அந்தப் பிளகினின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதன் பெயரைக் கொஞ்சம் மாற்றுங்கள். தேடி வரும் வேர்ட்பிரஸுக்கு அது கிடைக்காது, விட்டுவிட்டு மேலே போகும், தளம் திறக்கும்.

இதற்காக அப்டேட்டே செய்யாமல் இருந்துவிடாதீர்கள். பழைய பிளகின்கள் வழியாகத்தான் தளத்துக்குள் ஆள் நுழைகிறார்கள். அதைவிட மோசம், காசுக்கு விற்கும் தீமும் பிளகினும் "இலவசமாக" டெலிகிராமில் வருவது. கிளினிக் தளத்தில் நள்ளிரவில் சூதாட்ட விளம்பரம் வந்தது என்று என்னிடம் வந்தவர்களைக் கேட்டால், எங்கேயாவது இது இருக்கும்.

சிங்கப்பூரில் எங்கள் தமிழ்ச் சங்கத் தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றுகிறோம். டூல்ஸில் எக்ஸ்போர்ட் செய்து கோப்பை எடுத்துவிட்டோம். பழைய ஹோஸ்டிங் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம்தானே?
– சங்கத்தின் பொருளாளர், சிங்கப்பூர்

புதுப்பியுங்கள், ஒரு மாதத்துக்காவது. நீங்கள் எடுத்த எக்ஸ்எம்எல் கோப்பில் பதிவுகள் இருக்கும், கேட்டகரிகள் இருக்கும், பின்னூட்டங்களும் இருக்கும். படங்கள் இருக்காது. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் அதில் இருக்கும். புதிய இடத்தில் இம்போர்ட் செய்யும்போது, இணைக்கப்பட்ட கோப்புகளை இறக்கிக்கொள் என்ற கட்டத்தை டிக் செய்தால், பழைய தளத்துக்குப் போய் ஒவ்வொரு படமாக எடுத்து வரும். பழைய தளம் மூடியிருந்தால் எடுக்க ஒன்றும் இருக்காது. பொங்கல் விழாப் படங்கள் எல்லாம் காலிக் கட்டமாக நிற்கும்.

இன்னொரு வழி, அப்லோட்ஸ் ஃபோல்டரை முழுதாக ஜிப் செய்து இறக்கி, டேட்டாபேஸையும் தனியாக எடுத்து வைப்பது. எப்படியும் அதைச் செய்துதான் ஆக வேண்டும், இன்றைக்கே செய்யுங்கள். இம்போர்ட் முடிந்ததும் பழைய பதிவுகளில் சிலவற்றைத் திறந்து, படத்தின் மேல் வலது கிளிக் செய்து அதன் முகவரியைப் பாருங்கள். புதிய ஹோஸ்டிங்கிலிருந்து வருகிறதா, இன்னமும் பழையதிலிருந்தே வந்துகொண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். எல்லாம் புதியதிலிருந்து வருகிறது என்று உறுதியான பிறகு பழைய கணக்கை மூடுங்கள்.